நான்காம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவே

முதுகு வலி என்று சொன்னால் டில்லியில் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நொய்டாவுக்குப் போகும் சார்ட்டர்ட் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவருக்கு இருந்தது. ஆபீஸில் டீ கொண்டுவருகிறவருக்கு இருந்தது. ஆளுக்கொரு தைலம், ஆளுக்கொரு ஆசனம். நானும் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. புஜங்காசனம் செய் என்று ஒருவர் சொன்னால், அதைப் பற்றி இரண்டு புத்தகம் வாங்கிப் படித்துவிட்டுத்தான் தரையில் படுப்பேன்.

இது வேறு வலி என்று காலை வேளைகள்தான் சொல்லின. சில வருடங்களுக்கு முன் எனக்கு டிஸ்க் விலகியிருந்தது. அந்த வலி காலில் ஷாக் அடித்ததுபோல இறங்கும், படுத்தால் அடங்கும். இது காலுக்கு வரவில்லை. இடுப்புக்கு நடுவில், கை வைத்துக் காட்ட முடியாத ஆழத்தில் உட்கார்ந்துகொண்டது. படுத்தாலும் போகவில்லை. பல் தேய்க்க வாஷ்பேசினில் குனிந்தால் நிமிர முடியாது. குனிந்தபடியே அம்மாவைக் கூப்பிடுவேன்.

"இருவத்தெட்டு வயசுல இப்பிடி இடுப்பப் பிடிச்சிட்டு நடக்கியே, பாக்கிறவங்க என்னட்டி நெனைப்பாங்க?" என்பாள் அம்மா, தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டபடி.

திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி நேராக டில்லிக்கு வந்தவள் அம்மா. சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் பாதி ஆயுள் கழிந்தும் அவள் தமிழ் தாமிரபரணியை விட்டு நகரவில்லை. அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். அவருடைய தமிழில் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு "அச்சா" விழும். அந்த அப்பாதான் ஒரு நாள் லீவு போட்டு, "சலோ, இனிமே தைலம் வேண்டாம், டாக்டர்தான்" என்று என்னைப் பெரிய அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே எக்ஸ்ரே. அதில் இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்திருந்தது. அடுத்து எம்.ஆர்.ஐ. அதற்கு மருத்துவமனையில் நீண்ட வரிசை இருந்ததால் வெளியே எடுத்தோம். செலவு முழுக்க எங்களுடையது. நான் வேலைக்குச் சேர்ந்தவுடனே அப்பாவின் மருத்துவ அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். சம்பாதிக்கிற மகள் அரசாங்கத்தின் கணக்கில் மகள் இல்லை. எம்.ஆர்.ஐ. என்பது ஒரு குழாய். அதற்குள் உங்களை நீட்டிப் படுக்கவைத்து நகராதே என்பார்கள். யாரோ இரும்புக் கதவைச் சுத்தியலால் தட்டுவதுபோல வெகுநேரம் சத்தம் கேட்கும். வலி எதுவும் இல்லை. நகராமல் இருப்பதுதான் என்னைப் போன்றவளுக்குக் கஷ்டம்.

படங்களைப் பெரிய உறையில் போட்டு நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். கூடவே ஒரு பக்க ரிப்போர்ட். வீட்டுக்கு வந்து சேரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டோவிலேயே உறையைப் பிரித்து, படத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

"மேடம், சூரியனுக்கா எக்ஸ்ரே எடுத்தீங்க?" என்று ஆட்டோக்காரர் இந்தியில் கேட்டார். அப்பா சிரிக்கவில்லை.

ரிப்போர்ட்டில் இருந்ததை, அடுத்த சில நாட்கள் மார்க்கெட் பக்கத்து சைபர் கஃபேயில் உட்கார்ந்து படித்ததை, எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு உறை வந்தால் உதவும்.

முதுகெலும்பு என்பது அடுக்கிவைத்த எலும்புக் கட்டைகள். இரண்டு கட்டைக்கு நடுவே ஒரு மெத்தை, அதுதான் டிஸ்க். எலும்பும் மெத்தையும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. எண்ட்பிளேட் என்கிறார்கள். டிஸ்க்குக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. எலும்பிலிருந்து இந்தத் தட்டு வழியாகக் கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. இட்லித் தட்டில் விரிக்கும் துணி வழியாக ஆவி போகிறது இல்லையா, அப்படி. டிஸ்க் காய்ந்து நைந்துபோனால் பாரம் முழுவதும் இந்தத் தட்டின்மேல் இறங்குகிறது. தட்டில் சின்னச் சின்ன விரிசல் விழுகிறது. அதற்கு அடுத்திருக்கும் எலும்பு மஜ்ஜை மாறத் தொடங்குகிறது.

இந்த மாற்றத்தை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகையில் மஜ்ஜையில் நீர் கோத்து அழற்சி இருக்கும், வலி அதிகம். இரண்டாம் வகையில் அந்த அழற்சி அடங்கி, மஜ்ஜை கொழுப்பாக மாறியிருக்கும். மூன்றாம் வகையில் எலும்பு இறுகிக் கெட்டியாகிவிடும். ஒரே இடத்தை இரண்டு முறையில் படம் எடுத்து, எதில் கறுப்பு, எதில் வெள்ளை என்று ஒப்பிட்டு வகையைச் சொல்கிறார்கள். எனக்கு இருந்தது நீர் கோத்த முதல் வகை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ரிப்போர்ட்டில் கடைசியாக ஒரு வரி இருந்தது. முதுகெலும்புக் காசநோயும் இதே போலத் தோன்றக்கூடும், அது இல்லை என்று உறுதி செய்யவும்.

காசநோய் என்றால் இருமல் என்று நினைத்திருந்தோம். அது எலும்புக்கும் வரும். வந்தால் இந்தத் தட்டைத்தான் முதலில் அரிக்கும். படத்தில் அதுவும் நீர் கோத்ததுபோலவேதான் தெரியும். பொதுவாகக் கிருமி என்றால் டிஸ்க்கும் வெள்ளையாகத் தெரிய வேண்டும், தேய்மானம் என்றால் டிஸ்க் கறுப்பாக இருக்கும். என் டிஸ்க் கறுப்புதான். ஆனால் தட்டின் விளிம்பு ஓரிடத்தில் மங்கியிருந்தது, பக்கத்துச் சதையில் லேசான வீக்கமும் இருந்தது.

பெரிய டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்தார். பஞ்சாபிக்காரர், நரைத்த மீசை, குறைவாகப் பேசுகிறவர்.

"சார், டிஸ்க் கறுப்பா இருக்கே, அப்படின்னா இது முதல் வகை மாற்றம்தானே?" என்று நான் இங்கிலீஷில் கேட்டேன்.

அவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். "உங்க பொண்ணு டாக்டரா?"

"இல்ல சார், கம்ப்யூட்டர்."

"அச்சா. கம்ப்யூட்டர் கெட்டுப்போனா அவங்ககிட்டக் கேக்கறேன்." என்னிடம் திரும்பினார். "ரத்தத்துல அழற்சி அளவு கொஞ்சம் கூடுதலா இருக்கு பேட்டா. ரொம்ப இல்ல. ஃபோட்டோ பாதி சொல்லுது, ரத்தம் பாதி சொல்லுது. அட்மிட் ஆகு. பார்க்கலாம்."

எதைப் பார்க்கப்போகிறார் என்பதை ஜூனியர் டாக்டர்தான் விளக்கினார். காசநோய் என்று முடிவானால், அரிக்கப்பட்ட இடத்தைத் திறந்து சுரண்டி எடுத்து, இரண்டு எலும்பையும் ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு இணைத்துவிடுவார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான்கு மருந்துகள். தேய்மானம் என்றால் அறுவை வேண்டாம்; ஓய்வு, மாத்திரை, பிசியோதெரபி. ஆக கேள்வி ஒன்றுதான்: முதுகை அறுப்பதா, வேண்டாமா.

பெண்கள் வார்டில் ஜன்னலோரத்துக்கு அடுத்த கட்டில் எனக்குக் கிடைத்தது. ஜன்னலோரம் ஒரு வடக்கத்தி அம்மாளுடையது; அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். கரோல் பாக்கில் அவர் கணவருக்கு ஹார்டுவேர் கடை. ஆன்ட்டிக்கு முதுகில் ஏற்கெனவே ஸ்க்ரூ போட்டாகிவிட்டது. "நட்டு, போல்ட்டு எல்லாம் எங்க கடையிலேயே இருக்கு, இங்க வந்து தங்க விலைக்கு வாங்கியிருக்காரு" என்று கணவரைப் பற்றிப் புகார் சொல்வார். என்னை "கோம்தி" என்று கூப்பிடுவார். லக்னோ நதியின் பெயர் அது. என் பெயர் கோமதி. திருத்தவில்லை.

மருத்துவமனை நாட்களில் எதுவும் நடப்பதில்லை. இதை முதலில் தெரிந்துகொண்டால் நல்லது. காலையில் பெருக்குகிறவர் வருவார், பிறகு டாக்டர்கள் கூட்டமாக வந்து காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிறகு மாலைவரை கூரையைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டியதுதான். இரவில் வலி. மாத்திரை வேலை செய்யும் நேரத்தையும், செய்யாத நேரத்தையும் மாற்றி மாற்றித் தாண்டுவது. நான் கொண்டுபோன புத்தகங்கள் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டன. பிறகு மருந்துக் காகிதங்களைப் படித்தேன். அதுவும் தீர்ந்தது. சோர்வு எப்படிப்பட்டது என்றால், எதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையே அடங்கிப்போகிற அளவுக்கு. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்பா காலையில் ஆபீஸ் போகும் வழியில் வருவார். போர்வையைச் சுருட்டி என் முழங்காலுக்கு அடியில் வைப்பார். அப்படி வைத்தால் இடுப்பின் இறுக்கம் கொஞ்சம் தளரும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை; ஒரு நாள் வைத்துப் பார்த்தார், நான் கண்ணை மூடினேன், அன்றிலிருந்து வைத்தார்.

மாலையில் அம்மா. வெளிச் சாப்பாட்டுக்கு வார்டில் தடை, குடிக்கிற பொருளுக்கும் தடை. வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொல்வார். அம்மா மேலே துவைத்த துணி, அதற்குமேல் சாமி படம் வைத்துக் கொண்டுவருவாள். அடியில் ஃபிளாஸ்க். ஃபிளாஸ்க்கில் காப்பி. கரோல் பாக்கில் வறுத்து அரைத்து வாங்கிய பொடியில் இறக்கிய டிகாஷன், கொதிக்கக் கொதிக்க.

"சாமி படத்தத் தூக்கிப் பாக்க அவனுக்குத் தைரியம் வருமா, கேட்டியா?" என்பாள்.

ஆனால் வார்டுக்குள் சிஸ்டரின் கண் எல்லா இடத்திலும் இருக்கும். ஆகவே அம்மா ஃபிளாஸ்க்கைத் திறக்காமல் காத்திருப்பாள். சிஸ்டர் மாலை தெர்மாமீட்டர் தட்டைத் தயார் செய்ய உள் அறைக்குப் போகும்போதுதான் சமயம். "ஏட்டி, சட்டுனு, சட்டுனு" என்று டம்ளரை நீட்டுவாள். நான் மடக்மடக்கென்று குடிப்பேன். ஆன்ட்டி முதல் நாள் மூக்கை உறிஞ்சினார். இரண்டாம் நாள் அவருக்கும் ஒரு டம்ளர் போனது. "இது என்ன, கஷாயமா?" என்று முகம் சுளித்தவர் அதன்பிறகு அம்மா வரும் நேரத்துக்குத் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டம்ளர்கள் போர்வைக்குள் மறையவும், சிஸ்டரின் தள்ளுவண்டி எங்கள் கட்டிலுக்கு வரவும் சரியாக இருக்கும்.

சிஸ்டர் கோட்டயத்துக்காரர். "வாய் திற" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர். எடுப்பார், பார்ப்பார், எழுதுவார்.

இப்படித்தான் எனக்கு மாலைக் காய்ச்சல் வந்தது.

காலையில் இருக்காது. மாலையில் ஏறும். ஒரு நாள் இல்லை, தினமும். ஜூனியர் டாக்டரின் முகம் மாறியதைப் பார்த்தேன். மாலையில் ஏறி காலையில் இறங்கும் காய்ச்சல் என்பது காசநோய்க்கு மருத்துவப் புத்தகங்கள் சொல்லும் அடையாளம் என்று நானே சைபர் கஃபேயில் படித்திருந்தேன். "உடம்பு சூடாத் தெரியுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சில பேருக்குத் தெரியாது" என்றார். நானும் நம்பினேன். நம்பிய பிறகு சாயங்காலம் ஆனால் உடம்பு சூடாகவும் தெரிய ஆரம்பித்தது.

ஆன்ட்டிக்கும் காய்ச்சல். அறுவைப் புண்ணில் கிருமி என்று சந்தேகப்பட்டு அவருடைய டிஸ்சார்ஜைத் தள்ளிப்போட்டார்கள். ஊசி ஆரம்பித்தார்கள். "வீட்டுக்குப் போன்னு சொன்னாங்க கோம்தி, இப்போ இன்னும் இருன்னு சொல்றாங்க" என்று என்னிடம் அழுதார்.

பெரிய டாக்டர் வந்து தாளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "வியாழக்கிழமை திறந்துடலாம்" என்றார். அவ்வளவுதான்.

எலும்பில் போடும் ஸ்க்ரூவை நாமே வாங்கித் தர வேண்டும். அப்பா எதிர்க்கடையில் விலை கேட்டுவிட்டு வந்து, என் தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுவதும் குடித்தார். "ஆபீஸ் சொசைட்டியில லோன் கேட்டிருக்கேன், அச்சா? நீ அதையெல்லாம் நெனைக்காதே" என்றார். எனக்கு நினைப்பு விலையில் இல்லை. அறுத்த பிறகு குனிந்து நிமிர முடியுமா, பஸ்ஸில் நிற்க முடியுமா, காலில் உணர்வு போய்விடுமா. சம்மதக் கையெழுத்து வாங்குவதற்கு முன் ஜூனியர் டாக்டர் சொன்ன அபாயங்களில் கடைசியாகச் சொன்னது அதுதான்: கால் செயலிழக்க வாய்ப்பு, சிறிய அளவில். சிறிய அளவு என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கர்வா சௌத். வடக்கே மனைவிமார் கணவனுக்காக விடியற்காலை முதல் நிலா பார்க்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் விரதம். ஆன்ட்டி இருக்கப்போவதாக அறிவித்தார்.

"உடம்பு இருக்கிற நிலையில வேண்டாம்" என்றார் ஜூனியர் டாக்டர்.

"கல்யாணமானதிலிருந்து ஒரு வருஷம் விட்டதில்ல. ஊசி போடுங்க, குத்திக்கோங்க. வாய்க்குள்ள எதுவும் போகாது" என்றார் ஆன்ட்டி. மத்தியான மாத்திரையைக்கூடத் தட்டிவிட்டார். கையில் மருதாணி வேறு. மருமகள் வந்து போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

அன்று மாலை அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்தபோது ஆன்ட்டி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "வாசனைகூட வேண்டாம் பெஹன்ஜி, மனசு கெட்டுப்போகும்." நான் மட்டும் குடித்தேன். வண்டி வந்தது.

சிஸ்டர் எனக்குப் பார்த்தார், எழுதினார். ஆன்ட்டிக்குப் பார்த்தார். புருவம் தூக்கினார். தெர்மாமீட்டரை உதறி மறுபடி வைத்துப் பார்த்தார். "ஆன்ட்டி, இன்னைக்குப் பனி இல்ல" என்றார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். ஆன்ட்டிக்கு அதைச் சைகையில் விளக்கினார்.

"பாத்தியா, விரதத்தோட சக்தி" என்று ஆன்ட்டி கைகூப்பினார்.

நான் படுத்தபடியே ஆன்ட்டியைப் பார்த்தேன். மாத்திரை போடவில்லை, ஆனால் காய்ச்சல் இல்லை. ஊசி நேற்றும் அதேதான். அதே ஜன்னல், அதே காற்று. அவரிடம் இன்று இல்லாதது ஒன்றே ஒன்று. என் நாக்கு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, கீழே மருந்துக் கடையில ஒரு தெர்மாமீட்டர் வாங்கிட்டு வா."

"இப்பதானே சிஸ்டர் பாத்தாவ?"

"வாங்கிட்டு வாயேன். சொல்றேன்."

அம்மா போய் வருவதற்குள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தேன். அவள் லிஃப்ட் வேலை செய்யாமல் படியேறி மூச்சு வாங்க வந்தாள். வைத்துப் பார்த்தேன். கோடு காய்ச்சல் குறிக்கு வெகு கீழே நின்றது. எடுத்து உதறி, கொஞ்சம் கழித்து மறுபடி வைத்தேன். அதே இடம்.

அம்மாவுக்குச் சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பம், காப்பியாலயா உன் முதுகக் கீறப் போனாங்க?"

"சும்மா இரும்மா. காய்ச்சல் இல்லைன்னா உடனே காசநோய் இல்லைன்னு ஆகிடாது. ஆனா சொல்லணும்."

"நான் சொல்லுதேன். நாந்தான குடுத்தேன்."

புதன்கிழமை காலை, அறுவைக்கு முந்தின நாள், சம்மதக் கையெழுத்துக்காக அப்பாவை வரச்சொல்லியிருந்தார்கள். அம்மாவும் கூட வந்தாள். பெரிய டாக்டரைச் சுற்றி அரைவட்டமாக டாக்டர்கள். ஓரத்தில் சிஸ்டர். அப்பா பேனாவைத் திறந்தார். அதற்குள் அம்மா முன்னால் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களோடும் கறிகாய்க்காரரோடும் மட்டும் பேசிப் பழகிய இந்தி.

"டாக்டர் சாப், காஃபி மைனே தியா." காப்பி நான்தான் கொடுத்தேன்.

பெரிய டாக்டர் ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கும் புரியவில்லை, அவரிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. நான் படுத்தபடி முழுவதையும் இங்கிலீஷில் சொன்னேன். ஃபிளாஸ்க், வண்டி, கர்வா சௌத், புதுத் தெர்மாமீட்டர். சிஸ்டரின் முகம் சிவந்தது.

பெரிய டாக்டர் மெதுவாக அம்மாவிடம் கேட்டார்: "அவ்ர் கிஸ் கிஸ் கோ பிலாயா?" வேறு யாருக்கெல்லாம் ஊற்றினீர்கள்?

அம்மா ஆன்ட்டியைக் கைகாட்டினாள். ஆன்ட்டி போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

டாக்டர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினார். ஆனால் அம்மாவை இல்லை. ஜூனியர் டாக்டர் பக்கம் திரும்பி, "பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே நேரத்துக் காய்ச்சல். நமக்கு ஒருத்தருக்கும் தோணல. எனக்கும்தான்" என்றார். பிறகு அப்பாவிடம், "பேனாவை மூடுங்க. நாளைக்கு வேண்டாம்" என்றார்.

இரண்டு நாள் எங்கள் இருவருக்கும் அடிக்கடி வெப்பம் பார்த்தார்கள், அக்குளில் வைத்து. காய்ச்சல் இல்லை. ஆன்ட்டி வீட்டுக்குப் போனார். போகும்போது, "என் புருஷனுக்கு ஆயுசு கூடியதோ இல்லையோ, உனக்கு முதுகு மிஞ்சிச்சு கோம்தி" என்று சொல்லி என் நெற்றியில் முத்தமிட்டார்.

ஆனால் நான் அம்மாவிடம் சொன்னது உண்மைதான். காய்ச்சல் பொய் என்பதால் மட்டும் படத்திலிருந்த மங்கல் பொய்யாகிவிடாது. டாக்டர் வழியை மாற்றினார்: திறப்பதற்குப் பதில் ஊசி. சி.டி. ஸ்கேனில் குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக மருந்து போட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியை எலும்புக்குள் செலுத்தித் துணுக்கு எடுப்பார்கள். வலி என்று சொல்ல முடியாது. யாரோ உள்ளே ஸ்க்ரூடிரைவரைத் திருகுவதுபோல ஓர் அழுத்தம், எலும்பிலிருந்து காதுக்கு நேராக வரும் ஒரு சத்தம். குப்புறப் படுத்ததால் என் முகம் யாருக்கும் தெரியவில்லை. அழுதேன். அது வலிக்காக இல்லை, களைப்புக்காக.

துணுக்கின் முதல் ரிப்போர்ட் சில நாளில் வந்தது. காசநோய்க்குரிய திசுக் கட்டிகள் இல்லை. நீர் கோத்த மஜ்ஜை, விரிசலுக்குள் முளைத்த சின்ன ரத்தக்குழாய்கள், நார்போன்ற திசு. முதல் வகை மாற்றத்தில் என்ன இருக்கும் என்று படித்திருந்தேனோ அதுவே. ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை வாரக்கணக்கில் ஆகும். காசநோய்க் கிருமி அவ்வளவு சோம்பேறி. அதுவரை வீட்டுக்குப் போ, இடுப்புப் பட்டை போட்டுக்கொள் என்றார்கள்.

அந்த வாரங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. படுத்திருந்தேன். தொலைபேசி மணியடித்தால் மூவரும் ஒருவரை ஒருவர் பார்ப்போம். யாருக்கும் எடுக்க மனம் வராது. வலி அப்படியேதான் இருந்தது. எந்த நோயாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கடைசியில் வந்த தாளில் கிருமி எதுவும் வளரவில்லை என்று இருந்தது. வீட்டில் யாரும் குதிக்கவில்லை. அம்மா வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வெகுநேரம் தூங்கினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காசநோய் என்று முடிவானவர்களும் அந்த வார்டில் இருந்தார்கள். மருந்து சாப்பிட்டு, பட்டை போட்டு நடந்து போனார்கள். அது வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு மாலையில் காய்ச்சல் இருந்தால் என் கதையைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் வேண்டாம். டாக்டர் கேட்காவிட்டாலும், வாயில் என்ன போனது, எப்போது போனது என்பதைச் சொல்லிவிடுங்கள். அதுபோதும்.

தேய்மானத்துக்கு மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த பயிற்சிகளை ஒரு வருடம் செய்தேன். பாதி நாள் பலன் தெரியாது, மீதி நாள் வலி கூடும். நொய்டா வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து செய்கிற வேலை தேடிக்கொண்டேன். எப்போது என்று சொல்ல முடியாமல், ஒரு காலையில் பல் தேய்த்துவிட்டு நானாக நிமிர்ந்தேன்.

வருடம் முடிந்து மறுபடி படம் எடுக்கச் சொன்னார்கள். உறையோடு அப்பாவும் நானும் போனோம். வெளிநோயாளிக் கூட்டத்தில் காலையிலிருந்து நின்றோம். உள்ளே போனதும் பெரிய டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பழையதில் கறுப்பாக இருந்த இடம் புதியதில் வெள்ளையாக இருந்தது.

"ரெண்டாம் வகை" என்றேன் நான். "நீர் போய்க் கொழுப்பாயிடுச்சு."

"நீயே பார்த்துட்டா நான் எதுக்கு?" என்று சிரித்தார். "அடங்கிடுச்சு. எப்பவாவது வலிக்கும். வாழ்க்கை முழுக்க வலிக்கலாம். ஆனா இங்க வராதே. போ."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா முழு நாள் லீவு போட்டிருந்தார். வெளியே வந்து, மரத்தடியில் ஆட்டோக்கள் நிற்கும் இடம்வரை நடந்தோம். அப்பா நின்றார்.

"கோமதி. அப்போ ஆபரேஷன்ங்கிற பேச்சு?"

"இல்லப்பா."

"இப்ப இல்லையா, இல்ல, இனிமேலே இல்லையா?"

"இனிமே இல்லப்பா. அறுக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல."

"அச்சா" என்றார். பிறகு இன்னொரு முறை, மெதுவாக, "அச்சா."

ஓர் ஆட்டோக்காரர் எங்கே போகணும் என்று கேட்டார். அப்பா நடைபாதைச் சுவரைக் கையால் தடவி, அதில் உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் இரு. காலு வரல" என்றார்.

நான் உறையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை நின்றேன்.